பிசினில் தங்கிய நடை

இறந்துபோன கணவனின் காலடி ஓசையை ஜெசிந்தா திருச்செந்தூர் பேருந்தில் கேட்டாள்.

காலைப் பேருந்து. தூத்துக்குடியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடியிருந்தாள். ஆறுமுகநேரியில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. அதுவரை அரைத்தூக்கம் வழக்கம். மின்சாரப் பேருந்துகள் வந்தபிறகு எஞ்சின் இரைச்சல் கிடையாது. பின்சீட்டில் ஒருவர் இருமினால் முன்சீட்டில் கேட்கும். முள்ளக்காடு தாண்டி உப்பளங்களுக்கு நடுவே வண்டி போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அந்த ஓசை வந்தது. இடது குதிகால் பதிந்தது. ஒரு சின்னத் தயக்கம். பிறகுதான் முன்பாதம் தரையைத் தட்டி எழும்பியது. வலது காலுக்கு ஓசையே இல்லை. மறுபடி இடது. குதிகால், தயக்கம், தட்டல்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அது போய்விடும் என்று பட்டது. ஓசை ஒவ்வொரு சீட்டாக நின்று நின்று அவளிடம் வந்தது.

"எங்கக்கா போணும்?"

பெண் குரல். காக்கிச் சட்டை, கழுத்தில் டிக்கெட் கருவி, முப்பது வயதுகூட ஆகாத கண்டக்டர். ஜெசிந்தா பயண அட்டையை நீட்டினாள். அதைத் திரும்ப வாங்க மறந்து கண்டக்டரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேலுக்கு முடியலையாக்கா? தண்ணி வேணுமா?"

"வேண்டாம்மா."

அன்று அவள் ஆறுமுகநேரியில் இறங்கவில்லை. திருச்செந்தூர்வரை போய், அதே பேருந்தில் திரும்பி வந்துதான் இறங்கினாள்.

அவள் கணவன் ரெமிஜியுஸ் பைபர் படகு கட்டுகிறவன். கண்ணாடி நார் விரிப்பை அச்சில் பரப்பி, ரெசின் என்னும் பிசினை ஊற்றி, உருளையால் தேய்த்து இறுக வைப்பான். அவன் சட்டைகளில் அந்த நார்த்தூசி ஒட்டியிருக்கும். ஜெசிந்தா அவற்றைத் தனியாகத்தான் துவைப்பாள். இல்லையென்றால் வீடே சொறியும். முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகு ஒன்று ஒருநாள் சரிந்து அவன் இடதுகாலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பாளையங்கோட்டை செயற்கை உறுப்பு வங்கியில் அவனுக்கு ஒரு பாதம் கொடுத்தார்கள்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் கட்டிலில் உட்கார்ந்து, மேலுறையைக் கழற்றி உள்ளே இருந்த கறுப்புத் தகட்டைக் காட்டினான்.

"இந்தா பாரு ஜெசி. இது கார்பன் இழை. மயிரவிட மெல்லிசு, இரும்பவிட உறுதி. ஆனா தனியா விட்டா வெறும் நூலுதான், படுத்துக்கிடும். ரெசின ஊத்துனாத்தான் எந்திரிச்சு நிக்கும்."

"உங்க படகு மாதிரியா?"

"அதேதான். அதுல கண்ணாடி, இதுல கார்பன். இனி நானும் படகும் ஒரே சரக்கு." சிரித்தான். "இந்த ரெசின்ல ஒரு விசேஷம் இருக்கு. நடக்கையில எங்க அழுத்தம் விழுதோ அங்க கண்ணுக்குத் தெரியாம கீறல் விழும். கீறுன இடத்துல அதுவே கசிஞ்சு, அதுவே இறுகிக்கிடும். போகப்போக என் நடை இதுக்குள்ள ஏறிருமாம்."

"கால் உங்களுக்குப் பழகுமா, நீங்க காலுக்குப் பழகணுமா?"

"ரெண்டுந்தான். கல்யாணம் மாதிரி."

அதற்குப் பிறகுதான் அந்தத் தயக்கம் வந்தது. குதிகால் ஊன்றியதும் ஒரு கணம் நிற்கும். ஜெசிந்தா அதற்குத் தானாகவே ஒரு காரணம் வைத்திருந்தாள். ஒவ்வொரு அடியிலும் அந்தப் படகு சரிந்தது அவன் நினைவுக்கு வருகிறது, அதனால்தான் நிற்கிறான். அவனிடம் கேட்டதில்லை. ஆனால் தெருவில் அந்த ஓசை கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். அவ்வளவு பாவமாகவும் அவ்வளவு பிரியமாகவும் இருக்கும்.

அவன் பட்டறையிலேயே மாரடைத்துச் செத்தான். உறுப்பு வங்கியில் பாதத்தைத் திருப்பிக் கேட்டார்கள். விதி அப்படி. அந்த ரெசினுக்குத் தட்டுப்பாடு. பாதத்துக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். யாருக்காவது உதவட்டும் என்று அவளும் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவனுடைய துணிகள்தான் மிஞ்சின. பருத்திக் கைலி ஒரே சலவையில் அவன் வாசனையை விட்டது. பாலியெஸ்டர் சட்டை விடவில்லை. அது தண்ணீரைக் குடிக்காது, உடம்பில் உள்ள எண்ணெயை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று மருந்துக்கடையில் யாரோ சொன்னார்கள். அதனால் அதைத் துவைக்காமலே வைத்திருந்தாள். இருந்தும் வருஷம் திரும்புவதற்குள் அந்தச் சட்டையில் பீரோ வாசனைதான் வந்தது.

அப்படி எல்லாமே போனபிறகுதான் பேருந்தில் அந்தக் காலடி கேட்டது.

கண்டக்டரின் பெயர் இசக்கிலெட்சுமி. ஜெசிந்தா தன் வேலை நேரத்தை அவள் பணிமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டாள். எப்போதும் நடுவில் ஒரு சீட்டு. அங்கிருந்தால் நடைபாதை முழுவதும் கேட்கும். இசக்கி முன்னால் போகும்போது ஜெசிந்தாவின் காதில் ரெமிஜியுஸ் வேலைக்குப் போவான். பின்னால் வரும்போது வீட்டுக்கு வருவான். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொள்வாள்.

கூட்டம் குறைந்த வேளைகளில் இசக்கி வந்து பக்கத்தில் உட்காருவாள். கல்லூரியில் படிக்கும்போது ஒரு விபத்தில் கால் போனது, அம்மா கோவில்பட்டியில் இருப்பது, கண்டக்டர் வேலைக்குப் பரீட்சை எழுதியபோது எல்லாரும் சிரித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜெசிந்தா வீட்டில் பொரித்த மீனைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவாள். இசக்கி அதைத் திருச்செந்தூரில் வண்டி நிற்கும்போது சாப்பிடுவாள்.

ஒருநாள் இசக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ரொம்ப வலிக்காம்மா?"

"இது என் காலு இல்லக்கா. முன்னால வேற யாரோ போட்டு நடந்தது. அவிய நடை அப்படியே உள்ள இருக்கு. நல்ல பாரமான ஆளு போல. நான் ஊன்றுனா அது என்னைய முன்னால தள்ளி விடுது. அவரு நடக்காரு, நான் பின்னால இழுபட்டுப் போறேன். இடுப்பு ஒருபக்கமா தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லுதாவ."

ஜெசிந்தா வெளியே பார்த்தாள். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன.

"மாத்த முடியாதா?"

"சூடு வச்சா ரெசின் எளகி அந்த நடை அழிஞ்சிருமாம். பெறவு என் நடை ஏறுமாம். முன்னால யாரையும் கேக்காமத்தான் அழிச்சிருக்காவ. மதுரையில ஒரு அம்மா, எம்மவன் நடைய நீங்க எப்படி அழிக்கலாம்னு கோர்ட்டுக்குப் போயிட்டாவ. அதுலயிருந்து, குடுத்த வீட்டுக்காரங்க சம்மதிச்சாத்தான் அழிக்கணும்னு சட்டம். நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"யார் வீடுன்னு தெரியுமா?"

"அதச் சொல்ல மாட்டாங்கக்கா."

அந்த வாரமே உறுப்பு வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ஷேக் தாவூத் என்ற தொழில்நுட்பர். மரியாதையான குரல்.

"உங்க கணவர் போட்டிருந்த பாதம் இப்ப ஒருத்தங்ககிட்ட இருக்கும்மா. அதுல உள்ள நடைய அழிக்கணும்னு கேக்கிறாங்க. உங்க சம்மதம் வேணும்."

"சம்மதிக்கலேன்னா?"

"அழிக்க மாட்டோம். அவங்க வேற பாதத்துக்குக் காத்திருக்கணும். இப்போதைக்குக் கிடைக்காது."

மருந்துக்கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெசிந்தா ஒரு கையால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

"வேண்டாம். அழிக்காதீங்க."

மறுநாள் இசக்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"முடியாதுன்னுட்டாவளாம்க்கா."

ஜெசிந்தா மீன் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"மொதல்ல கோவமாத்தான் வந்துச்சு," என்றாள் இசக்கி. "பெறவு நெனச்சுப் பாத்தேன். அவியளுக்கும் மனசுல என்னமோ இருக்கும்லா. செத்தவங்களுது ஒண்ணாவது எங்கயாவது இருக்கட்டும்னு தோணத்தானே செய்யும். பாவம்."

அந்தப் 'பாவம்' ஜெசிந்தாவை உறங்கவிடவில்லை. ஆனாலும் அடுத்த நாளும் அதே பேருந்தில்தான் ஏறினாள். அதற்கடுத்த நாளும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஏறுவாள். அந்தக் காலடி கேட்டதும் இன்று ஒருநாள் கேட்டுக்கொள்வோம் என்று இருந்துவிடுவாள். இசக்கி வரவர இருக்கைகளின் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். ஓசைகூட இப்போது இடைவிட்டுத்தான் வந்தது.

ஆடி மாதம் கோயிலுக்குப் போகிற கூட்டம். ஆத்தூர்ப் பாலம் தாண்டியதும் இசக்கி நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை; கால் இனிமேல் வராது என்று தெரிந்தவள்போல மெதுவாகத்தான் உட்கார்ந்தாள். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். யாரோ டிக்கெட் கருவியை வாங்கிக்கொண்டார்கள், யாரோ விசிறினார்கள். ஜெசிந்தா அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கி, சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைத்தாள். பேருந்து போனது. வேறு வண்டி வரும் என்றார்கள்.

இசக்கி பேன்ட்டை மடித்து, பாதத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு இடுப்பை நீவினாள்.

"ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலைக்குப் போன்னு சொல்லுதாங்கக்கா. எனக்கு வண்டியிலதான் பிடிச்சிருக்கு. இனி முடியாது போல."

ஜெசிந்தா அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலுறை புதியது. உள்ளே இருக்கும் கறுப்புத் தகட்டை அவளுக்குத் தெரியும்.

"இசக்கி, அது எங்க வீட்டுக்காரர் கால்."

இசக்கிக்குப் புரியவில்லை.

"முடியாதுன்னு சொன்னது நாந்தான்."

லாரிகள் போயின. இசக்கி பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது தன்னுடையதா, எதிரே இருப்பவளுடையதா என்று அவளுக்கே சந்தேகம் வந்ததுபோல இருந்தது.

"தெரிஞ்சுதான் தெனமும் ஏறுனியளா?"

"ஆமா."

"மீன் பொரிச்சுட்டு வந்ததெல்லாம்?"

"மொதல்ல இந்த நடைக்காகத்தான். பெறவு உனக்காவும்தான்."

"வலிக்குன்னு சொன்னேனேக்கா. பக்கத்துல உக்காந்துகிட்டுக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்திய."

ஜெசிந்தா கைபேசியை எடுத்து, அங்கேயே, இசக்கி கேட்கும்படியாக ஷேக் தாவூதிடம் பேசினாள்.

"அழிச்சிருங்க தம்பி. எனக்குச் சம்மதம்."

பாளையங்கோட்டைக்கு அவளும் வருவாள் என்று இசக்கி எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூட்டிப்போகவும் இல்லை. ஜெசிந்தா தனியாக வந்து, வங்கியின் வராந்தா பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். ஷேக் தாவூத் கட்டையான மனிதர், நரைத்த மீசை. பாதத்தின் தகட்டைக் கழற்றி, ரொட்டி அடுப்பு மாதிரி இருந்த ஒன்றுக்குள் வைத்து மூடினார்.

"மொதல்ல கொறஞ்ச சூடு. மேல இறுகுனது எளகட்டும். கொஞ்சம் நேரம் ஆகும், உக்காந்திருங்க."

இசக்கி ஊன்றுகோலோடு வந்து பெஞ்சின் மறுஓரத்தில் உட்கார்ந்தாள். அடுப்பு மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அண்ணாச்சி எப்படி இருப்பாவ?"

"கறுப்பா, கட்டையா இருப்பாரு. கழுத்துப் பட்டையில எப்பவும் கண்ணாடித் தூசி இருக்கும். பக்கத்துல படுத்தா நமக்கும் அரிக்கும். தேங்காண்ணெய் தேய்ச்சுக்கிட்டுத்தான் படுப்பேன்."

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்த நடை அவருக்கு எப்படி வந்துச்சு? நிண்டு நிண்டு வைப்பாரே."

"படகு சரிஞ்சு விழுந்ததுல கால் போச்சு. ஒவ்வொரு அடிக்கும் அத நெனப்பாருன்னு எனக்குத் தோணும்."

இசக்கி தலையாட்டினாள்.

ஷேக் தாவூத் தகட்டை எடுத்து, ஆறவைத்து, மறுபடி பூட்டிக் கொடுத்தார். கணினித் திரையைப் பார்த்தபடி, "வராந்தா ஓரம்வரை நடந்து பாரும்மா," என்றார்.

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். இனிமேல் வெறும் ஓசைதான் கேட்கும். அதைக் கேட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

குதிகால் பதிந்தது. ஒரு தயக்கம். பிறகு முன்பாதம்.

அவள் நிமிர்ந்தாள். நெஞ்சில் சட்டென்று ஏறிய சந்தோஷத்தை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"போகலையே தம்பி. அப்படியேதான் இருக்கு."

"போயிருச்சும்மா." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் வளைந்த கோடுகள். "உங்க வீட்டுக்காரரோடது சுத்தமா எளகியாச்சு. இது அதுக்கும் அடியில இருக்குறது."

"அடியில என்ன இருக்கு?"

"அவருக்கு முன்னால போட்டிருந்தவங்க நடை. அவருக்கும் இதப் புதுசாக் குடுக்கலம்மா. அப்பல்லாம் கொறஞ்ச சூடு ஒண்ணுதான் வைப்பாங்க. எல்லாம் அழிஞ்சிருச்சுன்னு நெனச்சுக் குடுத்துருவாங்க. ரொம்பப் பழசா இறுகுனது அந்தச் சூட்டுக்கு அசையாதுன்னு இப்பத்தான் தெரியுது. அவரு இந்த நடை மேலயேதான் தன்னோட நடைய ஏத்தியிருக்காரு."

"அப்ப, அந்த நிண்டு வைக்கிறது..."

"அது அவரோடது இல்லம்மா."

ஜெசிந்தா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாளே, அந்த ஓசை யாரோ ஒருவருடையது. அவன் எந்தப் படகையும் நினைக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் எதற்காகவோ தயங்கியதை அவன் தன்னையறியாமல் சுமந்து நடந்திருக்கிறான்.

"யாரு அவங்க?"

"பேர் சொல்லக்கூடாதும்மா. வேற மாநிலம். அவங்க வீட்டுலயிருந்து இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

இசக்கி வராந்தாவின் நடுவில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரோடதுன்னு எதுதான் இருந்துச்சு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

அவர் திரையில் விரல் வைத்தார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். "இன்னொரு தடவை நட இசக்கி," என்றாள்.

இசக்கி நடந்தாள். இந்த முறை ஜெசிந்தா தயக்கத்தைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வருவதைக் கேட்டாள். முன்பாதம் தரையைத் தொட்டது, அப்படியே எழும்பியது. அவ்வளவுதான். தட்டவில்லை, உந்தவில்லை. முன்பு அந்த இடத்தில் ஒரு தள்ளல் இருந்திருக்கிறது. அடுத்த அடிக்கு இப்போதே போய்ச் சேர வேண்டும் என்பதுபோல் ஒரு அவசரம்.

ரெமிஜியுஸ் அப்படித்தான். சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவளுக்கு முன்னாலேயே போவான். கால் போவதற்கு முன்பும் அப்படி, இந்தக் காலோடும் அப்படி. தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்து, அவள் வருவதற்குள் மறுபடி கிளம்பிவிடுவான். "கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன், கடலு ஓடியா போயிரும்?" என்று அவள் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள். அதை அவனுடைய நடை என்று அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. அவனுடைய குறை என்றுதான் நினைத்திருந்தாள். பேருந்தில் அத்தனை நாளும் அது காதுக்குள் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவள் தயக்கத்துக்காகக் காத்திருந்து, அதைத் தவறவிட்டிருக்கிறாள்.

"இன்னும் சூடு ஏத்துனா அடியில உள்ளதும் போயிரும்," என்றார் ஷேக் தாவூத். "ஏத்தவாம்மா?"

கேள்வி இசக்கிக்கு. அவள் இடுப்பில் கைவைத்து, இடதுகாலை ஊன்றி ஊன்றிப் பார்த்தாள்.

"இது வலிக்கலையே சார். முன்னால தள்ளவும் இல்ல. யாரும் வந்து கேக்காத நடைதானே. இருந்துட்டுப் போட்டும்."

அவள் வராந்தாவின் கோடிவரை போனாள். கம்பியையும் பிடிக்கவில்லை, சுவரையும் பிடிக்கவில்லை. திரும்பி ஜெசிந்தாவை நோக்கி வந்தாள். குதிகால் பதிந்தது, நின்றது, பாதம் எழும்பியது. எவ்வளவு நேரமானாலும் சரி என்பதுபோல அந்தக் கால் வந்துகொண்டிருந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கும்மா," என்றாள். "அவசரமே இல்ல."

இசக்கி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை நடக்கத் தொடங்கினாள்.